இரவல் வகுப்பு

விலங்கியல் கூடத்தையும் கணிதத் துறையையும் தாண்டி, நடைபாதை அலுத்துப்போய் முடிகிற இடத்தில்தான் தத்துவத் துறை. கலை அறிவியல் கல்லூரியில் மற்ற துறைகளுக்கெல்லாம் பெயர்ப்பலகை இருந்தது, இதற்குப் பூட்டு.

அதைத் திறக்கும் பாக்கியம் தற்காலிக விரிவுரையாளருக்கு வாய்த்தது. தலை நரைத்தும் அவள் இன்னும் தற்காலிகம்தான். அன்று ஆய்வுக் குழு வருகிறது. துறை உயிரோடிருப்பதாகக் காட்டிவிட்டால் பணி நிரந்தரம். இல்லாவிட்டால் துறைக்கும் அவளுக்கும் சேர்த்தே கும்பிடு.

மாணவர் சேராத துறைக்கு மாணவர்கள்? அதற்கு அங்கே ஒரு வழக்கம் உண்டு: இரவல். ஆய்வு நாளில் வேதியியல் பிள்ளைகளே துறை துறையாக இடம் மாறி உட்கார்வார்கள்.

"பசங்களை அனுப்புறேம்மா. நீங்க பேச்சை மட்டும் நிறுத்தாதீங்க," என்றார் புதிதாக வந்திருந்த முதல்வர்.

உள்ளே ஈரச் சுண்ணாம்பு வாடை. நடுப்பகல் வெயிலிலும் தரை சில்லென்றிருந்தது. அவளுக்கு முன் இங்கே பாடம் நடத்திய பெரியவர், கரும்பலகை அருகிலேயே சரிந்து இறந்தவர். அவரும் தற்காலிகம்தான். 'சாவு ஒண்ணுதான் அவருக்கு நிரந்தரமாச்சு' என்று ஆசிரியர் அறையில் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள்.

பலகையில் தலைப்பை எழுதத் தொடங்கினாள்.

பின்னால் ஒரு பெஞ்சு முனகியது.

பிறகு எல்லாப் பெஞ்சுகளும்.

திரும்பினாள். அறை நிறைந்திருந்தது. யாரும் கைப்பேசியைப் பார்க்கவில்லை. யாரும் கொட்டாவி விடவில்லை. அப்போதே சந்தேகப்பட்டிருக்க வேண்டும். சந்தோஷத்தில் பாடம் நடத்தினாள்.

குழு எட்டிப் பார்த்தது. தலைவர் அவள் தோளுக்குப் பின்னால் பார்த்து, மெச்சித் தலையசைத்துவிட்டுப் போனார். அவர்களை வழியனுப்ப வாசல்வரை போய் நின்றாள்.

சற்று நேரத்தில் முதல்வர் மூச்சிரைக்க வந்தார்.

"தப்பிச்சோம்மா! வேதியியல் பசங்க வரலாற்றுத் துறையிலயே மாட்டிக்கிட்டாங்க. நீங்க எங்கேருந்து ஆள் பிடிச்சீங்க?"

அவள் உள்ளே பார்த்தாள்.

காலிப் பெஞ்சுகள். மேலே கலையாத தூசி.

"குழுவுக்கு ரொம்பத் திருப்தி. அந்த வெள்ளைச் சட்டைப் பெரியவரை உடனே நிரந்தரம் பண்ணச் சொல்லிட்டாங்க. யாரும்மா அவரு?"



"அப்ப... நான், சார்?"

"நீங்க அங்க இருந்ததாவே அவங்க சொல்லலியேம்மா."

முதல்வரின் காலடி ஓசை தேய்ந்தது. பையை எடுக்க உள்ளே போனாள். அவள் பாதியில் விட்ட தலைப்பை, சாய்வான வேறொரு கையெழுத்து முடித்திருந்தது.

காதருகே சில்லென்று ஒரு கனிவான குரல்.

"நின்னது போதும்மா. உக்காரு."

முன்வரிசைப் பெஞ்சில், ஒருவர் உட்காரும் அளவுக்கு மட்டும், தூசி துடைக்கப்பட்டிருந்தது.