விருந்தாளிக்கு ஒதுக்கிய மாம்பழம்

செவ்வாய்க் கிரகத்துக் குடியிருப்புகளில் காலையில் பல் தேய்த்ததும் முதல் வேலை, மாங்காய்கள் மூச்சு விடுகின்றனவா என்று பார்ப்பது. பறித்த முற்றிய காய்கள் வீட்டு உறக்கப்பேழையில் கிடக்கும். தன்னைத் தானே பழுக்க வைத்துக்கொள்ளக் காய் வெளியிடும் கனிவாயுவைப் பேழை உறிஞ்சிவிடும். குளிரும் சேர்ந்துகொள்ள, காய் வருடக்கணக்கில் தூங்கும். சாப்பிட நினைத்தால் நாலு நாள் முன்னதாக எழுப்பிவிட வேண்டும், அவ்வளவுதான்.

துளசிமணி வீட்டில் இதைக் கவனித்தது பணியன் என்ற இயந்திரம். அதற்கு அவள் கற்றுக்கொடுத்த சட்டம் ஒன்றே: கறுப்புப் புள்ளி விழுந்தது வீட்டுக்கு, மாசில்லாதது விருந்தாளிக்கு. விருந்தாளிதான் வந்தபாடில்லை. புள்ளி மட்டும் தினமும் ஏதாவது ஒன்றில் விழுந்துகொண்டிருந்தது. ஆகவே மகள் நறுமுகை, அழுகலை அரிந்து எறிந்த மீதியைத் தின்றே வளர்ந்தாள்.

"ஒரு நாளாவது நல்லதா ஒண்ணு குடும்மா" என்று முகம் சுளிப்பாள்.

"யாராவது வந்தா என்னத்தடி வைக்கிறது?"

நல்லவை இன்னும் நாள் தாங்கட்டும் என்று குளிரையும் கூட்டச் சொன்னாள் துளசிமணி. மாங்காய்க்கு இந்தக் குளிர் ஆகாது என்று பணியன் சொல்லிப் பார்த்தது. யார் கேட்டார்கள்?

நறுமுகைக்குத் தென்துருவப் பனிச்சுரங்கத்தில் வேலை கிடைத்தது. போனவள் இரண்டு வருடம் கழித்துச் சின்ன விடுப்பில் வந்தாள். துளசிமணி மகளைக் கட்டிக்கொண்டு கண் கலங்கினாள். கலங்கியபடியே, பழக்கதோஷத்தில், புள்ளி விழுந்த பழத்தைக் கையில் எடுத்தாள்.

"இது இன்னைக்கே கெட்டுடும். முதல்ல இதைச் சாப்பிட்டுடலாம் வா."

பணியன் அதை அவள் கையிலிருந்து வாங்கிக்கொண்டது. "இது வீட்டாருக்கு. நுழைவாயில் பதிவில் இவர் வருகையாளர். இவருக்காக மாசில்லாத ஒன்றை முன்பே எழுப்பிவிட்டேன்."

துளசிமணிக்கு உடம்பெல்லாம் கூசியது. பெற்ற பிள்ளை வேற்றாளாகித் திரும்பினால்தானா இந்த வீட்டில் அவளுக்கு ஒரு நல்ல பழம்? மகளை நிமிர்ந்து பார்க்கவே வெட்கமாக இருந்தது. இதையாவது ஒழுங்காகக் கொடுப்போம் என்று கத்தியை எடுத்தாள்.

தோல் நல்ல மஞ்சள். உள்ளே சாம்பல் நிறம், கட்டை மாதிரி. அளவு மீறிய குளிர் பழுக்கும் திறனையே கொன்றிருந்தது. பேழையில் உள்ள அத்தனை நல்ல பழங்களும் இப்படித்தான் இருக்கும் என்று அவளுக்குப் புரிந்துபோயிற்று.

"வேணாண்டி, தூக்கிப் போட்டுடறேன்" என்றாள்.

அதற்குள் நறுமுகை ஒரு துண்டை வாயில் போட்டு, மென்று, சிரமப்பட்டு விழுங்கிவிட்டாள். முன்பெல்லாம் என்றால் அங்கேயே துப்பியிருப்பாள்.

"ரொம்ப நல்லா இருக்கும்மா" என்று, அடுத்தவர் வீட்டில் சிரிப்பதைப் போல, மரியாதையாகச் சிரித்தாள்.