ஜெனித்தைக் களைந்த சாயங்காலம்

கம்ப்யூட்டர் பழுது பார்க்கும் லிஜின், குழித்துறைக்குப் பக்கத்தில் அந்த வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது மழை அப்போதுதான் விட்டிருந்தது. கேட்டைத் திறந்து பைக்கை உள்ளே தள்ளினான். பின்பக்கத்து ரப்பர் தோட்டத்திலிருந்து ஈர இலை வாடை வந்தது. கல்ஃப் சம்பாத்தியத்தில் தேவைக்கு மேல் பெரிதாகக் கட்டி, பாதி அறைகளைப் பூட்டியே வைத்திருக்கும் வீடு. இந்தப் பக்கம் தெருவுக்குத் தெரு அப்படி ஒன்று இருக்கும்.

பிரீனா வாசலிலேயே நின்றாள். மாமியார் ராகேல் சபையில் பெண்கள் சங்கக் கூட்டத்துக்குப் போயிருந்தாள். அவள் திரும்பி வருவதற்குள் வேலை முடிந்தாக வேண்டும்.

"வேண்டாத புரோகிராம் நெறைய கெடக்கு தம்பி. எல்லாத்தையும் எடுத்துக் களஞ்சிரணும்."

"அதுக்கென்னக்கா, ஒரு சாயா குடிக்குத நேரம் போதும்."

மேசைக்கு முன்னால் இருந்த நாற்காலியில் உட்கார்ந்தவன் நிமிர்ந்து சுவரைப் பார்த்தான். கல்யாணப் படம். கோட்டு போட்ட மாப்பிள்ளை கேமராவை முறைத்துக்கொண்டு நின்றான்.

"இது அண்ணனா? எங்க இருக்காரு?"

"கல்ஃப்ல."

பொய். அவள் புருஷன் ஜெனித் வேலை செய்த இடத்தில் தீப்பிடித்து, உடல் ஆணியடித்த பெட்டியில் வந்தது. திறந்து பார்க்கக் கூடாது என்று சொல்லித்தான் கொடுத்தார்கள். அப்படியே கல்லறைத் தோட்டத்தில் வைத்தாயிற்று. செத்தவர் படத்துக்கு மாலை போடும் வழக்கம் அந்தக் குடும்பத்தில் இல்லை. அதனால் பொய் சுலபமாகச் செல்லுபடியானது. இதற்கு முன் வந்த பழுதுக்காரனிடம் அவள் உண்மையைத்தான் சொன்னாள். கொடுத்த சாயாவைக்கூடக் குடிக்காமல் அவன் ஓடினான். பிறகு போனையே எடுக்கவில்லை.

கடைசியாக லீவில் வந்தபோது ஜெனித்தான் அந்தப் புரோகிராமைப் போட்டுவிட்டுப் போனான். அங்கிருந்தபடியே இங்குள்ள கம்ப்யூட்டரைத் திறப்பான், பார்ப்பான், மூடுவான். அவள் படம் பார்த்துக்கொண்டிருந்தால் மவுஸ் அம்பு தானாக நகர்ந்து போய் அதை மூடும். சமையல் முடிந்ததும் அவள் கேமரா முன்னால் வந்து உட்கார வேண்டும். குளிக்கப் போவதென்றாலும் சொல்லிவிட்டுப் போக வேண்டும். ஊரே அவனைப் பாசக்காரன் என்றது. ஊருக்கென்ன, அதுவா உட்கார்ந்தது கேமரா முன்னால்?

அவன் செத்த அன்று எல்லோரையும் போல அவளும் அழுதாள். அன்றிரவு நன்றாகத் தூங்கினாள். அதற்காக அவள் வெட்கப்படவில்லை.

அடக்கம் முடிந்து, வந்த சொந்தக்காரர்கள் போன பிறகு, ஒருநாள் கம்ப்யூட்டர் தானாக விழித்துக்கொண்டது. கேமரா பக்கத்தில் பச்சை விளக்கு எரிந்தது. திரையில் அம்பு மெதுவாக நகர்ந்து அவள் நின்ற பக்கமாக வந்து நின்றது.

அவள் கேமராவின் மேல் பிளாஸ்டர் ஒட்டினாள். ராகேல் அதைப் பிய்த்து எறிந்தாள்.

"எனக்க புள்ளைக்க கண்ண மூடாத ஏட்டி."

வயரைப் பிடுங்கினால் மாமியார் மறுபடி மாட்டுவாள். விற்றுவிடலாம் என்றால் கூப்பாடு போடுவாள். அந்தப் புரோகிராமை எடுத்துவிட்டால் திரும்பப் போட ராகேலுக்குத் தெரியாது. பிரீனா நம்பியது இதை மட்டும்தான்.

லிஜின் ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டு போனான். ஏதேதோ விளையாட்டு, யாரும் கேட்காமல் வந்து குடியேறிய விளம்பரம், ஒன்றோடொன்று மல்லுக்கட்டிக்கொண்டிருந்த இரண்டு ஆன்டிவைரஸ்.

"ஒரே அடுக்களையில ரெண்டு மருமக்க மாதிரி. பின்ன எப்பிடிக்கா கம்ப்யூட்டர் ஓடும்?"

அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்து நாளாகியிருந்தது.

"இது என்னது? வெளிய இருந்து ஆளு பாக்குத சாதனம். அண்ணன் போட்டதா?"

"ஆமா தம்பி. அது போணும்."

லிஜின் அம்பை அதன்மேல் கொண்டுபோனான். அம்பு விலகியது. மறுபடி கொண்டுபோனான். மறுபடியும் விலகியது.

"அண்ணன் லைன்ல இருக்காரு போல. விட மாட்டேங்காரு," என்று சிரித்துக்கொண்டே இன்டர்நெட் வயரைப் பிடுங்கினான்.

அம்பு நகர்ந்துகொண்டே இருந்தது.

அவன் மவுஸிலிருந்து கையை எடுத்தான். அப்போதும் நகர்ந்தது. அறையில் துணி கருகும் வாடை வந்தது. பிரீனா அடுப்பு எதையும் பற்றவைத்திருக்கவில்லை.

திரையில் ஒரு வெள்ளைப் பக்கம் திறந்தது. எழுத்துகள் ஒவ்வொன்றாக விழுந்தன.

யாரு இவன்?

லிஜினின் சிரிப்பு நின்றது.

எனக்க சேர்ல என்னத்துக்கு இருக்கான்?

"நெட்டு இல்லாம எப்பிடிக்கா..." அவன் குரல் அடங்கிப்போயிருந்தது. "வைரஸா இருக்கும். வைரஸ்தான்."

"எடு தம்பி," என்று அவள் கிசுகிசுத்தாள். "ஆண்டவர நெனச்சுக்கிட்டு எடு."

அவன் மவுஸை விட்டுவிட்டு விசைப்பலகையை மட்டும் வைத்து வேலை செய்தான். நீக்கவா என்று கம்ப்யூட்டர் கேட்டது. அழுத்தினான். பச்சைக் கோடு ஒன்று இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு ஊர்ந்தது. அது ஊர ஊர, வெள்ளைப் பக்கத்தில் எழுத்து வேகமாக விழுந்தது.

பிரீனா பிரீனா பிரீனா பிரீனா

கோடு நிறைந்தது. எழுத்து பாதிப் பெயரில் நின்றது.

கேமரா விளக்கு அணைந்தது.

அவள் சேலை முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். சந்தோஷத்தில்தான் அழுதாள். கல்யாணமான பிறகு அந்த அறையில் முதல் தடவையாக அவளை யாரும் பார்த்துக்கொண்டிருக்கவில்லை.

கேட் சத்தம் கேட்டது. ராகேல் வந்துவிட்டாள்.

வந்தவள் வேதப்புத்தகத்தை மேசைமேல் வைத்தாள். செத்துக் கிடந்த கேமராவைப் பார்த்தாள். மருமகளைப் பார்த்தாள். கத்தப்போகிறாள் என்று பிரீனா காத்திருந்தாள். ராகேல் கத்தவில்லை. முகம் மட்டும் ஒரு தடவை கோணி, பிறகு சமமாகியது.

"எடுத்தாச்சா?"

"ஆச்சு மாமி."

ராகேல் தலையாட்டினாள். பிறகு லிஜின் பக்கம் திரும்பிச் சிரித்தாள்.

"மக்கா, ஒனக்கு எந்த சபை?"

அவன் சொன்னான்.

"நம்ம ஆளுதான். சந்தியாச்சு, குடும்ப ஜெபத்துக்க நேரம். வந்த ஆளு ஜெபிக்காம போவப்பிடாது. ஒரு சின்ன ஜெபம் பண்ணு மக்கா."

அந்த வீட்டிலும் லிஜின் வீட்டிலும் அது ஒரே வழக்கம்தான். விளக்கு வைக்கும் நேரத்தில் வந்த விருந்தாளிதான் ஜெபிப்பார். பயந்துபோயிருந்த லிஜினுக்கு அது ஆறுதலாகவும் இருந்தது. மூவரும் தரையில் முழங்கால் போட்டார்கள்.

"வெளிய இருக்க எனக்க மவன் ஜெனித்தையும் சொல்லு," என்றாள் ராகேல்.

செத்தவர்களுக்காக ஜெபிப்பது அவர்கள் சபையில் கிடையாது. மகன் பெயரை ஜெபத்தில் இனி எடுக்கக் கூடாது என்று போதகர் வீட்டுக்கே வந்து ராகேலிடம் சொல்லிவிட்டுப் போயிருந்தார். அன்றிலிருந்து ராகேல் உதட்டைக் கடித்துக்கொண்டுதான் ஜெபித்தாள். பிரீனா வாயெடுத்தாள். அதற்குள் லிஜின் கண்களை மூடிவிட்டான்.

ஜெபத்தின் நடுவில் யாரும் பேச மாட்டார்கள். சின்ன வயதிலிருந்து அடித்துப் பழக்கிய பாடம் அது. ராகேலின் கை வந்து அவள் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தது.

கல்ஃபில் ஆள் இருக்கும் எந்த வீட்டிலும் சொல்வதைத்தான் லிஜினும் சொன்னான்.

"தூர தேசத்தில் பாடுபடுகிற ஜெனித் அண்ணனை நினைத்தருளும் ஆண்டவரே. அவர் வருகிற வழியில் உள்ள தடைகளையெல்லாம் நீக்கும். பத்திரமாய் இந்த வீட்டுக்குள் கொண்டுவந்து சேரும். மனைவியோடே சேர்ந்து வாழச் செய்யும்."

"ஆமேன்," என்றாள் ராகேல், சத்தமாக.

லிஜின் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினான். பைக் சத்தம் வளைவு தாண்டியதும் ராகேல் எழுந்து முன்கதவைப் பூட்டினாள். சாவியை ஜாக்கெட்டுக்குள் போட்டுக்கொண்டாள்.

"எனக்க வாயால கேக்கப்பிடாதுன்னு போதகர் சொல்லிட்டாரு," என்றாள். "நான் கேக்கல்ல, பாத்தியா? இத்தன நாளும் இந்தக் கம்ப்யூட்டர் பொட்டிக்குள்ள வந்து பாத்துட்டுப் போனான். அந்த வழியையும் நீ அடச்சிட்ட. பின்ன எங்க போவான் எனக்க புள்ள? நேராத்தான் வருவான்."

பிரீனாவின் போன் அடித்தது. லிஜின்.

"அக்கா, அண்ணன் லீவுக்கு வாறத சொல்லவே இல்லியே! வளைவுல எதிர வந்தாரு. நான் கையக் காட்டினேன், பாக்கல்ல. பாவம், மேலெல்லாம் கரியா இருக்கே, எங்கயும் விழுந்தாரா?"

போன் அவள் கையிலிருந்து நழுவியது. பூட்டிய கதவு பூட்டியபடியே இருந்தது. கேட் திறக்கும் சத்தமும் கேட்கவில்லை. வீட்டின் உள்பக்கத்தில், படுக்கையறையை ஒட்டிய குளியலறையில், யாரோ வாளியிலிருந்து தண்ணீரை மொண்டு மொண்டு ஊற்றும் சத்தம்தான் கேட்டது.

சூடான இரும்பின் மேல் தண்ணீர் பட்டாற்போல ஒவ்வொரு தடவையும் சீறியது.

குளியலறைக் கதவின் அடியிலிருந்து கறுத்த தண்ணீர் வழிந்து வந்து படுக்கையறைத் தரையில் பரவியது.

"மாமி, சாவியத் தாங்க. உங்க காலப் பிடிக்கேன் மாமி."

ராகேல் கொடியிலிருந்து ஒரு துவைத்த துண்டை எடுத்து, மடிப்பு கலையாமல் அவள் தோளில் போட்டாள். முதுகில் கை வைத்து அறைக்குள் தள்ளினாள்.

"போ மக்கா. ரொம்ப தூரத்துல இருந்து வந்திருக்கான்."

படுக்கையறைக் கதவு வெளியிலிருந்து பூட்டப்பட்டது. உள்ளே தண்ணீர்ச் சத்தம் நின்றது.

குளியலறைத் தாழ்ப்பாள் மெதுவாக விலகியது.