தவணையை முதலில் நிறுத்தியது ஏன்?

ஐந்தாம் தேதி, காலை 10:20.

"மொத்தமும் போச்சு மேடம்" என்றார் பஸ் டிப்போ மெக்கானிக்.

பதினாறு வருஷமாக மாதம் தவறாமல் ஒரே ஃபண்டில் போட்டு வந்தவர். நேற்று காலைவரை நான்காயிரத்துச் சொச்சம் யூனிட் இருந்தது. இப்போது அவர் நீட்டிய செல்போனில் இருப்பு பூஜ்யம். பக்கத்து நாற்காலியில் அவர் மனைவி கைப்பையை மடியில் அணைத்தபடி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மேஜைக்கு அந்தப் பக்கம் இருந்தவள் ஃபண்ட் நிறுவனத்தின் புகார்ப் பிரிவு அதிகாரி. அலுவலகத்தில் அவளுக்குச் 'சல்லடை' என்று பட்டப்பெயர். முகத்துக்கு நேரே யாரும் சொல்வதில்லை, முதுகுக்குப் பின்னால் யாரும் சொல்லாமல் இருப்பதில்லை. அவளுக்கே அது தெரியும். உள்ளூரக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

"யார் மேல சந்தேகம்?"

"சந்தேகமே இல்ல. என் கூடப்பிறந்த தம்பிதான். காலையிலேர்ந்து ஸ்டேஷன் பெஞ்சுல உக்கார வெச்சிருக்காங்க. உங்க ஆபீஸ் லெட்டர் வந்தா கேஸ் எழுதிடறேன்னு இன்ஸ்பெக்டர் சொல்லிட்டார். நாலு மணிக்குள்ள வேணும்."

சல்லடை கணினித் திரையைத் திருப்பிக் கொண்டாள். நேற்றைய பதிவு மூன்றே வரி.

11:40. மாதத் தவணை நிறுத்தம். காரணம் எண் ஆறு.

11:41. நிறுவனத்திலிருந்து தானாகப் போன பதில்.

11:52. எல்லா யூனிட்டும் விற்பனை.

"அந்த நேரத்துல உங்க போன் எங்க இருந்தது?"

"வீட்ல. சார்ஜ் போட்டுட்டு மறந்து போயிட்டேன். நான் டிப்போல ஒரு பஸ்ஸுக்கு அடியில கிடந்தேன்."

"வீட்ல யாரு?"

"தம்பி மட்டும்தான். செல்போன் ரிப்பேர் கடை வெச்சிருந்தான், ஓடல. எங்க ரெண்டு பேர் போனையும் அவன்தான் பாத்துக்கறான், எல்லாம் அத்துப்படி. வித்த பணம் எங்க பழைய ஜாயின்ட் கணக்குக்குத்தான் வரும். அதோட கார்டும் அவன்கிட்ட. கடைக்குன்னு நானே குடுத்தது."

"அம்மா, நீங்க?"

"மருந்துக்கடையில. எட்டுலேர்ந்து ரெண்டு வரைக்கும் டூட்டி." அந்த அம்மா வாயைத் திறந்தது அப்போதுதான்.

"தம்பி என்ன சொல்றார்?"

"ஒண்ணுமே சொல்லல. கன்னத்துல நாலு விட்டேன். 'நான் இல்லண்ணா'ன்னு ஒரு வார்த்தை வரல. இதுக்கு மேல என்ன சாட்சி வேணும்?"

வீட்டில் போன், பக்கத்தில் தம்பி, கையில் கார்டு. எல்லாம் கச்சிதமாகப் பொருந்தியது. கச்சிதமாகப் பொருந்துவது சல்லடைக்கு எப்போதுமே ஆகாது.

10:45. புகார் தருபவர் கணக்குக்காரர்தானா என்று ஓடிபி அனுப்பிச் சரிபார்ப்பது வழக்கம். அனுப்பினாள். மெக்கானிக்கின் போன் கூவியது. அவர் ஆறு எண்ணையும் வாசித்தார். அவர் மனைவியின் கைப்பைக்குள்ளும் ஏதோ உறுமியது. அந்த அம்மா அதை உள்ளங்கையால் அமுக்கினார்.

"கடையிலேர்ந்து கூப்பிடறாங்களோ? எடுங்கம்மா."

"பரவாயில்ல."

சல்லடை கேள்வியை மாற்றினாள். "எதுக்காக இந்த ஃபண்டை எடுத்தீங்க?"

"பையன் படிப்புக்கு. சந்தை போற போக்குல இது போகாது, வளரப்போற கம்பெனியாப் பொறுக்கி எடுக்கறதுக்குன்னே ஒரு மேனேஜர் இருக்கார்னு ஏஜெண்ட் சொன்னார். பையனும் வளருவான், இதுவும் வளரட்டும்னு போட்டேன்."

திரையில் 'இலக்கு' என்ற இடத்தில் 'வாலுவின் கல்லூரி' என்று இருந்தது. சல்லடைக்குச் சிரிப்பு வந்தது.

"வாலு எந்த காலேஜ்ல சேரப் போறார்?"



"அவன் இல்ல மேடம்" என்றார் மெக்கானிக். "பதினொரு வயசுல போயிட்டான். காய்ச்சல். மூணே நாள். ஆறு வருஷமாச்சு."

சல்லடை விசைப்பலகையிலிருந்து கையை எடுத்தாள். அவரே பேசினார். "சந்தை பாதாளத்துக்குப் போனப்போகூட நான் ஒரு யூனிட் விக்கல. அவன் போனப்புறம்தான் இது ரெண்டு மடங்காச்சு. அவன் வளரல, இது மட்டும் வளர்ந்துச்சு."

"தவணையை நிறுத்தியிருக்கலாமே?"

"நிறுத்தணும்னா காரணம்னு ஒரு கட்டம் வருது. அதைத் தொட எனக்குக் கை வரல."

அவர்களை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு, சல்லடை ஆவண அறைக்குப் போனாள். பதினாறு வருஷத்துக்கு முந்தைய விண்ணப்பத்தைத் தேடி எடுக்க இரண்டு மணி நேரம் ஆனது. முதல் பக்கத்தைப் படித்தவள் அங்கேயே ஒரு ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள். தனக்கு இது தெரியாமலே இருந்திருக்கக் கூடாதா என்று இருந்தது.

பிற்பகல் 3:05.

"லெட்டர் ரெடியா மேடம்?"

"ரெடி. ஆனா உங்க தம்பி இல்ல சார்."

மெக்கானிக் எழுந்தே விட்டார். அவள் கையமர்த்தினாள்.

"திருட வந்தவன் வித்துட்டு ஓடுவான். தவணையை ஏன் நிறுத்தறான்? அது ஓடினாத்தானே மாசாமாசம் மெசேஜ் வரும், உங்களுக்குச் சந்தேகம் வராது? இங்க முதல்ல நின்னது தவணை. விக்கற எண்ணம் பன்னிரண்டு நிமிஷம் கழிச்சுத்தான் வந்திருக்கு."

"அதுக்குள்ள என்ன நடந்துச்சு?"

"எங்க பதில் போச்சு." அவள் திரையைப் பார்த்துப் படித்தாள். "'தவணை நின்றாலும் கவலை வேண்டாம். வாலுவின் கல்லூரிக்கு இன்னும் ஒரே நாள். நாளை காலை உங்களை வாழ்த்தக் காத்திருக்கிறோம்.' ஒரு யூனிட் மிச்சம் இருந்தாலும் இன்னைக்கு அந்த வாழ்த்து வந்திருக்கும். எங்க சிஸ்டம் அப்படி. அதை நிறுத்த ஒரே வழி, மொத்தத்தையும் வித்துடறதுதான்."

அந்த வாசகங்களை ஒரு காலத்தில் படித்துப் பார்த்து 'அருமை' என்று குறிப்பு எழுதியவள் அவளேதான். அதை அவள் சொல்லவில்லை. தொடர்ந்தாள்.

"காரணப் பட்டியல்ல முதல்ல இருக்கறது 'பணத் தேவை'. திருடனா இருந்தா அதைத் தொட்டுட்டுப் போயிருப்பான். நேத்து ஒருத்தர் கடைசி வரைக்கும் இறங்கி வந்து ஆறாவதைத் தொட்டிருக்காங்க. ஆறாவது, 'இந்த இலக்கு இனி இல்லை.'"

"ஓடிபி என் போனுக்குத்தானே வரும்?"

"உங்க போனுக்கு மட்டும் இல்ல சார்." பழுத்துப் போன விண்ணப்பத்தை அவர் பக்கம் நகர்த்தினாள். செல்போன் எண் கேட்ட இடத்தில் அவர் கையெழுத்திலேயே இரண்டு எண்கள் இருந்தன. "எழுதினதை நீங்க மறந்துட்டீங்க. காலையில நான் ஒரு ஓடிபிதான் அனுப்பினேன். ரெண்டு போன்ல சத்தம் வந்தது."

மெக்கானிக் மெதுவாகத் திரும்பி மனைவியின் கைப்பையைப் பார்த்தார்.

"நான்தாங்க" என்றார் அந்த அம்மா. "கடையில மருந்து எடுத்துக் குடுத்துக்கிட்டே செஞ்சேன். காசைத் தொடணும்னு இல்ல. தவணை நின்னா மெசேஜும் நின்னுடும்னு நினைச்சேன். இன்னைக்கு அந்த வாழ்த்து வந்தா நான் தாங்க மாட்டேன். தம்பியை நீங்க அடிச்சப்போவே சொல்லியிருக்கணும். வாய் வரைக்கும் வந்தது, வெளிய வரல. ஸ்டேஷனுக்கு இழுத்துட்டுப் போனப்பவும் மரம் மாதிரி நின்னேன். பாவி நான்."

மெக்கானிக் கோபப்படுவார் என்று சல்லடை எதிர்பார்த்தாள். அவர் குரல் இறங்கித்தான் போயிருந்தது.

"'வாலுவின் கல்லூரிக்கு இன்னும் இத்தனை மாதம்'னு மாசாமாசம் உனக்கும் வருமா?"

"வரும். அஞ்சாம் தேதி துணி காயப்போடற சாக்குல மாடிக்குப் போய்ப் படிப்பேன். நீங்க பாத்தா உடைஞ்சு போயிடுவீங்கன்னு பயம்."

"நான் குளியலறைக் கதவைச் சாத்திக்கிட்டுப் படிப்பேன். நீ பாத்துடக் கூடாதுன்னு."

ஆறு வருஷம், எழுபதுக்கு மேற்பட்ட ஐந்தாம் தேதிகள். ஒரே வீட்டில் ஒருவருக்குத் தெரியாமல் ஒருவர் ஒரே வரியைப் படித்து அழுதிருக்கிறார்கள். சல்லடை எழுந்து போய் ஜன்னலோரம் நின்றுகொண்டாள். தான் அழுவதை அவர்கள் பார்க்க வேண்டாம் என்று நினைத்தாள்.

"தம்பி ஏன் மேடம் வாயே திறக்கல?" என்று முதுகுக்குப் பின்னால் கேட்டார் மெக்கானிக்.

"உங்க போன் அவர் கண் முன்னாடிதான் இருந்தது. மெசேஜைப் பாத்திருப்பார். ரெண்டு போனையும் சரி பண்றவருக்கு இது வேற எந்தப் போனுக்குப் போகும்னு தெரியாதா? அண்ணியைக் காட்டிக் குடுக்க மனசு வந்திருக்காது."

மெக்கானிக் தன் வலது கையை விரித்துப் பார்த்துக்கொண்டார். நேற்று ஓங்கிய கை. கிரீஸ் படிந்த ரேகைகளை ஏதோ புதிதாகப் பார்ப்பவர்போல வெகுநேரம் பார்த்தார்.

3:35. தம்பிக்குச் சம்பந்தமில்லை என்ற கடிதம் முத்திரையோடு அவர் சட்டைப்பைக்குப் போனது. கதவருகே அந்த அம்மா நின்றுவிட்டார்.

"தம்பி முகத்துல எப்படிங்க முழிப்பேன்?"

"அடிச்சவன் நான். முதல்ல நான் முழிக்கறேன். நீ பின்னாடி வா."

"அப்புறம்?"

"அப்புறம் மூணு பேரும் வீட்டுக்குப் போவோம். உக்காந்து வாலுவைப் பத்திப் பேசுவோம். அவன் போனதுலேர்ந்து நாம ஒரு தடவைகூடப் பேசல."