நுரை பூசிய முகங்கள்

மே மாதம் ஐந்தாம் தேதி காலை, பேருந்து நிலையத்துக்கு எதிரில் இருக்கும் பேச்சுப் பயிற்சி அறையில், மூன்றரை வயதுப் பையன் ஒருவன் தன் கழுத்தைத் தொட்டுக் காட்டினான்.

"தண்ணி வேணுமாம்" என்றாள் அவனுடைய அக்கா.

குடித்து முடித்ததும் பையன் கதவைப் பார்த்தான்.

"வீட்டுக்குப் போகணுமாம்."

பொம்மை ஒன்றைப் பார்த்து மூக்கைச் சுருக்கினான்.

"இது பிடிக்கலையாம். அந்தச் சிவப்பு லாரிதான் வேணுமாம்."

பயிற்சியாளர் சிரித்துவிட்டார். "இவ்வளவு நல்ல வக்கீல் பக்கத்துல இருக்கும்போது அவன் எதுக்கு வாயைத் திறக்கணும்?"

அப்பாவின் சலூனுக்கு வருகிறவர்களும் அவளை வக்கீல் என்றுதான் கூப்பிடுவார்கள். அது அவளுக்குப் பெருமை. இப்போது மட்டும் முகம் வாடியது.

"என்னாலதான் அவன் பேசலையா டீச்சர்?"

"சேச்சே, இல்லம்மா. அவனுக்குக் காது நல்லா கேட்குது. சொன்னது புரியுது. சில பிள்ளைங்களுக்குச் சொல் வர நேரமாகும், அவ்வளவுதான். நீ கவனிக்கிற மாதிரி பெரியவங்ககூடக் கவனிக்கறதில்ல."

"அடுத்த மாசம் பாலர் வகுப்புல சேர்க்கறாங்க. கழுத்தைத் தொட்டா தண்ணின்னு அங்க யாருக்குத் தெரியும்? நாள் பூரா தாகத்தோட உட்கார்ந்திருப்பானே!"

"அதை அங்க சொல்லி வை. ஆனா அவன் கையிலயும் ரெண்டு சொல் இருந்தா நல்லதுதானே?"

பயிற்சியாளர் தரையில் அவனுக்கு எதிரே உட்கார்ந்தார். சோப்புக் குமிழ் ஊதினார். பையன் குதித்தான். மறுபடி ஊதினார். அடுத்த முறை குழலை வாயருகே கொண்டுபோய் நிறுத்திக்கொண்டார். ஊதவில்லை. பேசவில்லை. அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அக்காவுக்கு நாக்கு துறுதுறுத்தது. பின்னால் உட்கார்ந்திருந்த அம்மா அவள் தோளை அழுத்தினாள்.

பையனின் உதடுகள் மெல்லக் குவிந்தன. "ஊ..."

"ஊது! இதோ ஊதறேன்!" அறை முழுக்கக் குமிழ்கள்.

அக்கா அசந்துபோனாள். "பேசாம இருக்கறதுகூட ஒரு வேலையா டீச்சர்?"

"இருக்கறதுலயே கஷ்டமான வேலை அதுதான். அவனுக்கு ரொம்பப் பிடிச்சது எது?"

"அப்பா கடை நாற்காலி. மிதியை அழுத்தினா அது மேல போகும்."

"அப்ப அதையே வச்சுக்கோ. ஒவ்வொரு தடவையும் 'மேல'ன்னு சொல்லி ஏத்து. பாதியில நிறுத்து. அவன் முகத்தைப் பார்த்துக் காத்திரு. சொல்லலன்னா பரவாயில்ல, நீயே சொல்லி ஏத்திடு. 'சொல்லு, சொல்லு'ன்னு மட்டும் நச்சரிக்காதே."

கேட்பதற்குச் சுலபமாகத்தான் இருந்தது. ஆனால் சலூனில் வாய் ஓயாது. பஸ் ஓட்டுநர் தன் பஸ்ஸில் நடந்த சண்டையைச் சொல்வார். தையல்காரர் அதற்குத் தீர்ப்பு சொல்வார். வெட்ட முடி இல்லாதவர்கள்கூடப் பேச வருவார்கள்.

அன்று மாலை அவள் தம்பியை உட்காரவைத்து, நாற்காலியைப் பாதியில் நிறுத்தினாள். தம்பி விரலை உயர்த்தினான்.

"சின்ன முதலாளி உத்தரவு போட்டுட்டாரு!" என்றார் ஓட்டுநர். "'மேல'ன்னு சொல்லு ராசா! எங்க, சொல்லு!"

"புள்ளையை ஏம்மா அந்தரத்துல நிறுத்தற?" என்றார் தையல்காரர். "வக்கீலம்மாவே இப்படிப் பண்ணலாமா?"

தம்பி உதட்டைப் பிதுக்கினான். "மேல போகணுமாடா கண்ணு?" என்று அவளே கேட்டுவிட்டாள். கால் தானாக மிதியை அழுத்திவிட்டது.

மறுநாளும் அதே கதை. அதற்கு மறுநாளும்.

ஞாயிற்றுக்கிழமை, ஓட்டுநர் சவரத்துக்கு உட்கார்ந்தார். கதை சூடாகப் போய்க்கொண்டிருந்தபோது அப்பா அவர் முகத்தில் நுரை பூசினார். கதை அப்படியே நின்றது. உதட்டைச் சுற்றி நுரை இருக்கும்போது வாயைத் திறந்தால் சோப்பு உள்ளே போகும். பிறந்ததிலிருந்து அவள் அதைப் பார்த்திருக்கிறாள். அன்றுதான் கவனித்தாள்.

"அப்பா! எல்லாருக்கும் நுரை பூசுங்க. ஒரே நேரத்துல!"

"காஞ்சு போயிடும்டி."

"காஞ்சா மறுபடி பூசுங்கப்பா. தம்பிக்காக."

அப்பா அவளைப் பார்த்தார். பிறகு கிண்ணத்தை எடுத்தார்.

"நான் முடி வெட்டத்தான் வந்தேன்" என்றார் தையல்காரர்.

"பரவாயில்ல மாமா, உங்களுக்கும் உண்டு."

ஓட்டுநர் பெஞ்சுக்கு மாறினார். தம்பி நாற்காலியில் ஏறினான்.

"இப்ப எனக்குப்பா" என்றாள் அவள்.

"உனக்கு எதுக்கு?"

"எல்லாரையும்விட முந்திக்கிட்டுப் பேசறது நான்தானே?"

அவள் மூக்குக்குக் கீழே வெள்ளைத் தாடி வந்தது. தம்பி கெக்கலித்துச் சிரித்தான்.

"மேல" என்றார் அப்பா. அவள் மிதித்தாள். "மேல." மறுபடி மிதித்தாள். பிறகு அப்பா சீப்பைப் பல்லில் கவ்விக்கொண்டார்.

நாற்காலி பாதியில் நின்றது.

மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது. தம்பி விரலை உயர்த்தினான். யாரும் அசையவில்லை. அவன் கண்ணாடியைப் பார்த்தான். அங்கே வரிசையாக வெள்ளை முகங்கள், எல்லாக் கண்களும் அவன்மேல். ஓட்டுநரின் நுரை தாடையிலிருந்து வழிந்தது. அவர் துடைக்கவில்லை.

தம்பி அக்காவைப் பார்த்தான். அவள் மிதியிலிருந்து காலைச் சற்றே தூக்கிக்கொண்டாள். தொண்டை வரை வந்த சொல்லை அவள் விழுங்கினாள்.

அவன் உதடுகள் ஒட்டின. "ம்..."

தையல்காரர் பெஞ்சின் நுனிக்கு வந்துவிட்டார்.

"மே... மேல."

மிதி தரையைத் தொட்டது. நாற்காலி எழும்பியது.

"சபாஷ் முதலாளி!" என்று கத்திய ஓட்டுநர், "தூ! தூ!" என்று சோப்பைத் துப்பினார். தையல்காரர் நுரையைத் துடைக்காமலே கைதட்டினார். அப்பாவின் வாயிலிருந்து சீப்பு விழுந்துவிட்டது. அதை அவர் எடுக்கவே இல்லை.

"மேல!" என்றான் தம்பி மறுபடியும்.

அன்று நாற்காலி ஏறி இறங்கிக்கொண்டே இருந்தது. காத்திருந்தவர்களின் முகத்தில் நுரை காய்ந்து தோல் இழுத்தது. யாரும் குறை சொல்லவில்லை.

வீட்டிலும் அவள் காத்திருக்கப் பழகினாள். தம்பி கழுத்தைத் தொட்டால், டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு அவன் முகத்தைப் பார்ப்பாள். அவன் சொல்லாவிட்டால், "தண்ணி" என்று சொல்லிக் கொடுத்துவிடுவாள். அவன் குடித்துவிட்டு ஓடுவான். பள்ளி திறக்கும்வரை அந்தச் சொல் வரவில்லை. கழுத்து விஷயத்தை வகுப்பு ஆசிரியையிடம் சொல்லி வைத்தாள்.

ஜூன் ஒன்பதாம் தேதி, பாலர் வகுப்பின் முதல் நாள். ஆசிரியை கரும்பலகைப் பக்கம் திரும்பியிருந்தார். பையன் கழுத்தைத் தொட்டான். அவர் பார்க்கவில்லை. அவன் எழுந்து போய் அவர் புடவையை இழுத்தான்.

"ண்ணி" என்றான்.

அக்கா அப்போது வேறு கட்டடத்தில், கணக்கு வகுப்பில் இருந்தாள். ஆசிரியை தண்ணீர் கொடுத்தார். அவன் குடித்தான்.