பெடலில் ஒரு கால்!

போன் அலறியது.

மெக்கானிக் ஒரு ஸ்கூட்டருக்கு அடியில் மல்லாந்து கிடந்தார். இரண்டு கையிலும் கிரீஸ். முழங்கையால் தட்டி போனை ஸ்பீக்கரில் போட்டார்.

"உங்க மச்சான் எங்க?"

மனைவியின் குரல். அவள் எஸ்.ஐ. காக்கி போட்டுக்கொண்டு பேசும்போது வரும் குரல் அது. வீட்டில் பேசும் குரலுக்கும் அதற்கும் அப்படியொன்றும் பெரிய வித்தியாசம் கிடையாது.

"என் மச்சானா? உன் தம்பின்னு சொல்லேன்."

"நல்லது பண்ணினா என் தம்பி. இப்போதைக்கு உங்க மச்சான். எங்க அவன்?"

"பெஞ்சுக்கு அடியில தூங்கறான்."

"எழுப்பி உக்கார வைங்க. எங்கயும் அனுப்பிடாதீங்க... அவனை அரெஸ்ட் பண்ண வந்துக்கிட்டிருக்கேன்."

போன் கட்.

மெக்கானிக் கையிலிருந்த ஸ்பேனர் நழுவி அவர் மூக்கிலேயே விழுந்தது.

பெஞ்சுக்கு அடியில் குறட்டை சீராக வந்துகொண்டிருந்தது. தெருவே அந்த மச்சானைக் 'குறட்டை' என்றுதான் கூப்பிடும். பெற்றவர்கள் வைத்த பெயர் என்னவென்று அவனையே தூக்கத்தில் எழுப்பிக் கேட்டால் கொஞ்சம் யோசிப்பான். ஆள் தங்கம். வேலை சுத்தம். சாப்பிட்ட கையோடு கண் சொருகும் என்பது ஒன்றுதான் குறை.

அந்தக் குறைதான் இப்போது அவன் கழுத்துக்குக் கயிறாக வந்திருந்தது.

நேற்றுக் காலை நடந்தது இது. தெருமுனைக்கு அந்தப் பக்கம் தையல் கடை வைத்திருக்கும் டெய்லர், முதல் முறையாகத் தன் கறுப்பு பைக்கைக் கொண்டுவந்து விட்டார். பின் பிரேக் கத்துகிறதாம். சக்கரத்து டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கும் காலிபரைக் கழற்றிப் பார்த்தால் உள்ளே, உரசி நிறுத்தும் பேடு என்ற வஸ்துவே இல்லை. தேய்ந்து தேய்ந்து வெறும் இரும்புத் தகடு டிஸ்க்கை அறுத்துக்கொண்டிருந்தது. முன் பிரேக்கிலோ பேடு புத்தம் புதுசு. இரண்டையும் சேர்த்துப் பிடிங்க சார் என்று மெக்கானிக் சொன்னதற்கு டெய்லர் காதைப் பொத்திக்கொண்டார். முன் பிரேக்கைத் தொட்டுத்தான் அவருடைய மாமனாருக்கு முன்பல்லு மொத்தமும் போனதாம்!

மெக்கானிக் பின்னால் புதுப் பேடு மாட்டி, வண்டியை வாசலில் நிறுத்தி, சாவியை ஆணியில் தொங்கவிட்டு, மதியம் சாப்பிடப் போனார்.

திரும்பி வந்தபோது சாவி ஆணியில் இருந்தது. குறட்டை பெஞ்சுக்கு அடியில் இருந்தான்.

வண்டி மட்டும் இல்லை!

அதே நேரத்தில், கடைவீதியில் கடிகாரக் கடைக்காரரைக் கீழே தள்ளிவிட்டு, விலையுயர்ந்த கைக்கடிகாரங்கள் இருந்த பையைப் பறித்துக்கொண்டு ஒருவன் பறந்தான். ஹெல்மெட் போட்டிருந்தான். அவன் போனது அந்தக் கறுப்பு பைக்கில்தான். சாயந்திரம் டெய்லர் வந்து தலையில் அடித்துக்கொண்டு ஒரு பாட்டம் அழுதுவிட்டு, ஸ்டேஷனுக்குப் போய் புகாரும் கொடுத்தார்.

இன்று காலை வண்டி கிடைத்துவிட்டது. பாழடைந்த சினிமா கொட்டகைக்குப் பின்னால் கேட்பாரற்று நின்றிருந்ததாம். ஏட்டு வந்து ஆணியிலிருந்த சாவியை வாங்கிப் போனார். அப்போதுகூட மெக்கானிக், அப்பாடா என்று மூச்சு விட்டார். மனுஷன் அவசரப்பட்டு விட்ட மூச்சு அது.

ஜீப் வந்து நின்றது. பின்னாலேயே கறுப்பு பைக்கில் ஏட்டு. பின் பிரேக் கீச்சிட்ட கீச்சலில் குறட்டையே விழித்து எழுந்து உட்கார்ந்தான் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

எஸ்.ஐ. தம்பியைப் பார்க்கவில்லை. புருஷனைப் பார்த்துத்தான் பேசினாள். குரல் கறாராக இருந்தது. கண்தான் கொஞ்சம் கலங்கியிருந்தது.

"லாக்கை உடைக்கல. ஒயரை அறுக்கல. சாவி போட்டுத்தான் எடுத்திருக்கான். சாவி தொங்கினது உங்க ஆணியில. கடையில இருந்தது இவன் ஒருத்தன். எடுத்து ஓட்டிட்டு, வண்டியை அங்க போட்டுட்டு, சாவியைத் திரும்ப மாட்டிட்டு, தூங்கற மாதிரி படுத்துட்டான்னு பெரிய அய்யா சொல்றார். நான் என்ன பதில் சொல்ல?"

"நான் நிஜமாவே தூங்கினேன் அக்கா" என்றான் குறட்டை.

"அதுக்கு யாருடா சாட்சி?"

தூங்கினவனுக்கு யார் சாட்சி இருப்பார்கள்? அக்கம் பக்கத்துக் கடையெல்லாம் மதியம் ஷட்டரை இறக்கிவிடும். அக்கா கையால் தம்பிக்கு விலங்கு. இதை வீட்டில் மாமியாருக்கு யார் சொல்வது?

"கடிகாரக் கடைக்காரர் என்ன சொல்றார்? ஆளை அடையாளம் தெரியுமாமா?"

"அவர் ஒண்ணே ஒண்ணுதான் திரும்பத் திரும்பச் சொல்றார். வண்டிக்குப் பின்னாடி சிகப்பு லைட்டு எரிஞ்சுக்கிட்டே இருந்துதாம். இதோ நிறுத்தப் போறான், இதோ நிறுத்தப் போறான்னு நம்பி கடைவீதி முழுக்க ஓடியிருக்கார் பாவம். லைட்டும் அணையல... வண்டியும் நிக்கல."

மெக்கானிக் சாவியை ஏட்டிடம் வாங்கித் தன் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, பைக்குக்குப் பக்கத்தில் குத்தவைத்து உட்கார்ந்தார். நேற்றுத்தானே புதுப் பேடு போட்டோம்... அதற்குள் எப்படிக் கத்தும்?

முதலில் பேடுகளைக் கோத்திருக்கும் 'பின்' என்ற குட்டிக் கம்பியை லேசாகத் தளர்த்தினார். பிறகு காலிபரைப் பிடித்திருக்கும் இரண்டு போல்ட்டையும் கழற்றி, டிஸ்க்கை விட்டு மெதுவாக உருவினார். எண்ணெய்க் குழாயில் பாரம் விழாமல் ஒரு கம்பியால் காலிபரைக் கட்டித் தொங்கவிட்டார். பின்னை உருவியதும் பேடு இரண்டும் கையில் வந்து விழுந்தன.

மெக்கானிக் அவற்றை முகர்ந்து பார்த்தார். தீய்ந்த நாற்றம்!

பேடின் முகம் கண்ணாடி மாதிரிப் பளபளத்தது. ஓரமெல்லாம் கருகல். டிஸ்க்கைப் பார்த்தார். சூட்டில் நீலம் பாரித்திருந்தது.

"மேடம், இங்க வாங்க" என்றார். காக்கியில் இருந்தால் அவருக்கு அவள் மேடம்தான்.

"நேத்து போட்ட பேடு இது. ஒரே ஓட்டத்துல கருகியிருக்கு. ஓட்டினவன் நிறுத்தறதுக்காக பிரேக் பிடிக்கல. கிளம்பினதுலேர்ந்து பெடல் மேலயே காலை வச்சிருக்கான். அவனுக்கே தெரியாது. பழக்கம். அதான் லைட்டு அணையவே இல்ல."

"சரி. அதனால?"

"குறட்டை அப்படி ஓட்டமாட்டான். அவன் வண்டியில பேடு தேஞ்சதே கிடையாது. பிரேக்னு ஒண்ணு இருக்கறதே அவனுக்கு எதிர்ல சுவர் வந்தாத்தான் ஞாபகம் வரும்."

குறட்டைக்கு இதில் சந்தோஷப்படுவதா கோபப்படுவதா என்று தெரியவில்லை.

எஸ்.ஐ. பெருமூச்சு விட்டாள். காலை எங்கே வைக்கிறான் என்பதையெல்லாம் பெரிய அய்யாவிடம் போய்ச் சொன்னால் அவர் சிரிப்பார், ஆள் யாரென்று சொல்லத் தெரிந்தால் சொல்லுங்கள் என்றாள். வண்டியை ஸ்டேஷனுக்கு ஓட்டிப் போகவேண்டும், வேறு பேடு போட்டுக் கொடுங்கள் என்றும் சொன்னாள். கருகின பேடுகளை ஒரு கவரில் போட்டு ஏட்டிடம் கொடுத்தாள்.

மெக்கானிக் பேடைத் தள்ளும் பிஸ்டனைத் துடைத்து, கருகின பேடுக்காக வெளியே வந்திருந்ததை உள்ளே தள்ளினார். புதுப் பேடுகளை வைத்தார். பின்னைக் கோத்தார். காலிபரை டிஸ்க்கில் ஏற்றி போல்ட்டுகளை முறுக்கினார்.

"முடிஞ்சுதா, எடுக்கலாமா?" என்று ஏட்டு சீட்டைத் தொட்டார்.

"தொடாதீங்க அண்ணே. முக்கியமான வேலை பாக்கி. பிஸ்டனை உள்ள தள்ளியிருக்கேன் இல்ல? பெடலை விட்டு விட்டு நல்லா மிதிச்சாத்தான் அது வெளிய வந்து பேடைப் பிடிக்கும். அதுவரைக்கும் பின் பிரேக்கே கிடையாது."

அதை ஒருமுறை மறந்துவிட்டு ஓட்டினதன் அடையாளம் குறட்டையின் நெற்றியில் இன்னமும் இருக்கிறது.

மெக்கானிக் பெடலில் கால் வைக்கப்போன அந்த நேரத்தில்...

கீழேயிருந்து ஒரு பைக் மேடேறி வந்தது. அந்தத் தெரு நல்ல சரிவு. அடிவாரத்தில் மெத்தைக் கடை, உச்சியில் தண்ணீர்த் தொட்டி, நடுவில் மெக்கானிக் கடை. வந்த பைக் ஜீப்பைப் பார்த்ததும் நிற்காமல் மேலே போனது. கொஞ்ச தூரம் போய், என்ன நினைத்ததோ, திரும்பி வந்தது.

ஓட்டி வந்தவர் டெய்லர். பக்கத்துக் கடைக்காரரின் பைக்காம். வண்டியை அடையாளம் காட்ட எஸ்.ஐ.தான் அவரை வரச் சொல்லியிருந்தாள்.

மெக்கானிக் தூக்கிய காலைத் தூக்கியபடியே நின்றார்.

மேலே போன பைக்கின் பின்னால் சிகப்பு விளக்கு எரிந்ததே... மேடு ஏறும்போது எவனாவது பிரேக் பிடிப்பானா?

மனைவியின் காதருகே போய் நாலு வார்த்தை சொன்னார். அவள் முகம் மாறவே இல்லை. இருபது வருஷ சர்வீஸ் இருந்தாலும் சிலருக்கு வராத முகம் அது.

டெய்லர் இறங்கி வந்தார். தன் பைக்கைத் தடவிக் கொடுத்தார். குறட்டையைப் பார்த்து, பாவம் சின்ன வயசு, புத்தி கெட்டுப்போச்சு, தண்டனையைக் கொஞ்சம் குறைச்சுப் போடச் சொல்லுங்க மேடம் என்று சிபாரிசு வேறு செய்தார்.

எஸ்.ஐ. அவரை ஸ்டூலில் உட்காரச் சொன்னாள்.

"வண்டிக்கு ஒரு சாவிதானா சார்?"

"ஒண்ணுதான் மேடம். இன்னொண்ணு வாங்கின புதுசுலயே தொலைஞ்சு போச்சு. இருந்த ஒண்ணையும் இந்தத் தம்பி கையிலதான் குடுத்தேன்."

"தையல் மிஷின் மோட்டர்ல ஓடறதா?"

"ஆமா மேடம். ஏன்?"

"நாள் முழுக்க வலது கால் பெடல் மேலயே இருக்குமே?"

"பழக்கம் மேடம். காலை எடுத்தா எனக்குக் கையே ஓடாது."

"இப்பகூட மிதிச்சுக்கிட்டிருக்கீங்க."

டெய்லர் குனிந்து பார்த்தார். ஸ்டூலுக்குக் கீழே கிடந்த ஒரு பழைய டயரை அவருடைய வலது கால் அழுத்திக்கொண்டிருந்தது.

ஏட்டு கவரைப் பிரித்துக் கருகின பேடை அவர் மூக்குக்கு நேராக நீட்டினார்.

டெய்லரின் கண் வாசலில் நின்ற பைக் பக்கம் போனது.

பிறகு ஸ்டூல் பறந்தது!

டெய்லர் பாய்ந்தார். வந்த பைக்கை நோக்கித்தான் பாய்ந்தார். அங்கே குறட்டை கையை அகல விரித்துக்கொண்டு நின்றான். டெய்லர் சட்டென்று திரும்பி, தன்னுடைய கறுப்பு பைக்கில் தாவி ஏறினார். இடுப்பிலிருந்து எதையோ உருவினார். செருகினார். திருகினார். வண்டி உறுமியது.

மெக்கானிக் தன் சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்தார். சாவி அங்கே பத்திரமாக இருந்தது.

அப்படியென்றால் டெய்லர் கையில் இருப்பது...

வாங்கின புதுசிலேயே தொலைந்துபோன அந்த இன்னொரு சாவி!

எஸ்.ஐ. ஜீப்பை நோக்கி ஓடப் பார்த்தாள். மெக்கானிக் அவள் கையைப் பிடித்து நிறுத்தினார். இன்னொரு கையை வாயருகே குவித்துக்கொண்டு கத்தினார். என்ன இருந்தாலும் வாடிக்கையாளர் இல்லையா?

"சார்... காலை எடுத்துட்டு எடுத்துட்டு மிதிங்க!"

டெய்லர் காதில் வாங்கவில்லை. பைக் சரிவில் பாய்ந்தது. வழக்கம்போல வலது கால் பெடலின் மேல் ஏறி உட்கார்ந்தது. பெடல் வெண்ணெயில் இறங்குகிற மாதிரி இறங்கி அடியில் போய் முட்டியது. பின்னால் சிகப்பு விளக்கு ஜோராக எரிந்தது. பிரேக் மட்டும் பிடிக்கவில்லை.

டெய்லர் இன்னும் அழுத்தினார். உயிர் போகிற அழுத்து அழுத்தினார். காலை மட்டும் எடுக்கவே இல்லை. முன் பிரேக்கில் விரல் வைக்கலாமா என்று ஒரு கணம் நினைத்திருப்பார். மாமனாரின் பொக்கை வாய் கண்முன்னால் வந்திருக்கும். வைக்கவில்லை.

மெத்தைக் கடை வாசலில் அன்றுதான் வந்து இறங்கிய மெத்தைகளை ஆள் உயரத்துக்கு அடுக்கியிருந்தார்கள்.

தொப்!

அவர்கள் இறங்கிப் போய்ப் பார்த்தபோது, டெய்லர் மெத்தைகளுக்கு நடுவில் கழுத்துவரை புதைந்திருந்தார். ஒரு சிராய்ப்புக்கூட இல்லை. கேட்கும் முன்பே எல்லாவற்றையும் கொட்டிவிட்டார். வண்டி மெக்கானிக் கடையில் நின்றால் பழி மெக்கானிக் கடைக்குத்தான் போகும் என்று கணக்குப் போட்டாராம். கடிகாரங்களைத் தைக்க வந்த கோட்டுகளின் உள்துணிக்குள் வைத்துத் தைத்திருக்கிறாராம்.

சொல்லி முடித்துவிட்டு மெக்கானிக்கை முறைத்தார்.

"என்னய்யா பேடு போட்டே? பிரேக்கே பிடிக்கலையே?"

"ஒரே ஒரு தரம் காலை எடுத்து மறுபடி மிதிச்சிருந்தாக்கூடக் கொஞ்சம் பிடிச்சிருக்கும் சார். நீங்கதான் வச்ச காலை எடுக்கவே மாட்டீங்களே."

எஸ்.ஐ. தம்பியின் தலையில் செல்லமாக ஒரு குட்டு வைத்தாள். அம்மாவுக்குப் போன் போட்டு உன் பிள்ளைதான் திருடனை மறிச்சான் என்று பெருமையாகச் சொன்னாள். குறட்டை இப்போது மறுபடியும் அவளுடைய தம்பி. அவனோ அதற்குள் ஒரு மெத்தையில் சாய்ந்து கண்ணை மூடியிருந்தான்.

ஏட்டு விலங்கை மாட்டினார். டெய்லர் விசும்பினார்.

"உள்ள போனா எனக்குக் காலும் ஓடாது, கையும் ஓடாதே மேடம்..."

எஸ்.ஐ. தொப்பியைச் சரிசெய்துகொண்டு ஜீப்பில் ஏறினாள்.

"கவலைப்படாதீங்க சார். ஜெயில்ல வரிசையா தையல் மிஷின் இருக்கு. காலை எடுக்காம மிதிக்கலாம்!"