முந்தானையைப் பிடித்த விரல்கள்

கோபால்சாமியும் அவன் பெண்டாட்டி அம்மாக்கண்ணும் சேர்ந்து எடுத்துக்கொண்ட படத்தில் அம்மாக்கண்ணின் முந்தானை நேராகத் தொங்கவில்லை. யாரோ பின்னாலிருந்து பிடித்து இழுப்பதுபோல் விறைத்து நின்றது.

ஈரம் சொட்டும் நெகட்டிவை அரிக்கேன் விளக்குக்கு நேராகத் தூக்கிப் பிடித்திருந்தார் பஞ்சாட்சரம். மலைமேல் இருக்கும் ஜமுனாமரத்தூரில் அவருடையதுதான் போட்டோ ஸ்டுடியோ. ஸ்டுடியோ என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். முன்னறையில் ஒரு நாற்காலி, ஒரு பெரிய ஜன்னல். அடுத்து, வாசலில் கம்பளி தொங்கும் இருட்டறை. அதற்கும் பின்னால் அவரும் பெண்டாட்டி சம்பூர்ணமும் குடியிருக்கும் வீடு. எழுபத்தொன்பதாம் வருஷம் அது. கரண்டு வந்த வேகத்திலேயே போய்விடும் என்பதால் ஜன்னல் வெளிச்சத்தை நம்பித்தான் படம் எடுப்பார். வெளியே காலையிலிருந்து தூறல், தகரக் கூரையில் யாரோ சாமையை அள்ளி அள்ளிப் போடுகிற மாதிரி ஓயாத சத்தம், உள்ளே படம் கழுவும் ஹைப்போவின் புளித்த வாடை, நனைந்த கம்பளியின் முடை நாற்றம், இத்தனைக்கும் நடுவில் தன் மூச்சு மட்டும் தனியாகக் கேட்பது அவருக்குப் பிடிக்கவில்லை.

அவருடைய கேமராவுக்கு அகலமான பிலிம். ஒவ்வொரு படமும் தீப்பெட்டியைவிடப் பெரிசாய், சதுரமாய் விழும். பூதக்கண்ணாடி வேண்டாம், வெறுங்கண்ணுக்கே எல்லாம் தெரியும். அம்மாக்கண்ணின் இடுப்புக்குப் பக்கத்தில் முந்தானையைச் சுருட்டிப் பிடித்திருந்தன நாலு சின்ன விரல்கள். சுண்டுவிரல் மட்டும் வெளிப்பக்கமாக வளைந்திருந்தது.

பஞ்சாட்சரம் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

கதவிடுக்கில் நசுங்கி வளைந்த விரல் அது. அவர் மகள் செந்தாமரையின் விரல். தை மாதக் காய்ச்சலில் அவள் போய்ச் சேர்ந்து அரை வருஷம் ஆகிறது.

மலையில் உள்ள முகத்தையெல்லாம் படம் பிடித்த மனுஷன் பெற்ற பிள்ளையை ஒரு படம் எடுக்கவில்லை. சந்தவாசல் பக்கத்துச் சம்பூர்ணத்தின் பிறந்த வீட்டில் அப்படி ஒரு வழக்கம்: பால்பல் விழுந்து முளைக்கும் வரைக்கும் பிள்ளையைப் படம் எடுக்கக் கூடாது, எடுத்தால் ஆயுசு குறையும். செந்தாமரைக்கு முதல் பல் அப்போதுதான் ஆட ஆரம்பித்திருந்தது. நாற்காலியில் யார் வந்து உட்கார்ந்தாலும் ஓடிவந்து, "என்னையும் எடுப்பா" என்று நிற்பாள். "போ அந்தப் பக்கம்" என்று அவர் விரட்டுவார், பாவி.

இப்போது சம்பூர்ணம் சரியாகச் சாப்பிடுவதில்லை. "முகம் மறந்துபோவுதுங்க. கண்ண மூடினா முன்னெல்லாம் வருவா. இப்ப மூக்கு வருது, வாய் வரல. நான் இன்னா பண்ணுவேன்?" என்று அழுகிறாள்.

நெகட்டிவை அவளிடம் காட்டாமல் ஒளித்துவைத்தார்.

அடுத்த சந்தைக்குக் கோபால்சாமி மட்டும் வந்தான். மழித்த தலையோடு, மழைக்குச் சாக்கைப் போர்த்திக்கொண்டு.

"அவள மட்டும் தனியா பெரிசு பண்ணிக் குடுங்க சாமி."

"அம்மாக்கண்ணுக்கு இன்னாப்பா ஆச்சு?"

"காய்ச்சல்னு படுத்தா, எழுந்திருக்கவேயில்லீங்க. யாரோ முந்தானைய இழுக்கறாங்க, ஒரு கொழந்த கூப்புடுதுன்னு கடைசி வரைக்கும் சொல்லிட்டே இருந்தா."

பஞ்சாட்சரம் பெரிசு பண்ணித் தருவதாகச் சொல்லி அவனை அனுப்பிவைத்தார். அன்றைக்கே கேமராவைக் கட்டிப் பரணில் போட்டிருக்கலாம். போட்டிருக்க வேண்டும். ஆனால் கை வந்திருக்கிறதே, முகமும் வராதா என்று ஒரு பாழும் ஆசை. ஒரே ஒரு முகம், சம்பூர்ணத்தின் கையில் கொடுக்க. கடுக்காய் விற்க வந்த ரத்தினம்மாளைக் கூப்பிட்டு, "வாம்மா, சும்மாவே ஒரு படம் எடுத்துத் தர்றேன்" என்றார். அவள் வெட்கப்பட்டுச் சிரித்துக்கொண்டே உட்கார்ந்தாள்.

அவருடைய கேமராவுக்கு இரண்டு கண். மேல்கண் வழியாக விழுவதை, பெட்டிக்குள் குனிந்து கண்ணாடியில் நாம் பார்க்கலாம். கீழ்க்கண் பார்ப்பது பிலிமுக்கு மட்டும். கண்ணாடியில் ரத்தினம்மாள் தனியாகத்தான் இருந்தாள். பிலிமைக் கழுவியபோது அவள் தோளுக்குப் பின்னால் ஒரு பின்னல், ஒரு காது, கன்னத்தில் பாதி. நெகட்டிவில் கூந்தல் வெளுத்து, கன்னம் கறுத்து. தலை இந்தப் பக்கம் திரும்ப ஆரம்பித்திருந்தது.

பத்து நாளில் ரத்தினம்மாளும் போய்விட்டாள். காய்ச்சல்தான்.

அதற்குப் பிறகு ஸ்டுடியோவைத் திறக்கவில்லை. ராத்திரியெல்லாம் ரத்தினம்மாளின் சிரிப்பு கண்ணுக்குள்ளேயே நின்றது. நான்தானே கூப்பிட்டு உட்கார வைத்தேன் என்று நெஞ்சில் அடித்துக்கொள்வார். குழந்தை அம்மாவைத் தேடுகிறது. யாருடைய முந்தானை கிடைத்தாலும் பிடித்துக்கொள்கிறது. அதற்கு வேறென்ன தெரியும்?

ஒரு மத்தியானம் அவர் தண்ணீர் எடுத்துவிட்டுத் திரும்பியபோது இருட்டறைக் கம்பளி விலகியிருந்தது. உள்ளே சம்பூர்ணம். கையில் அந்த நெகட்டிவ்கள். அவள் அழவில்லை, அதுதான் அவரை மிரள வைத்தது.

"என் பொண்ணு ஊரார் முந்தானைய புடிச்சிக்கினு நிக்குது. நீங்க பார்த்துட்டு சும்மா இருந்தீங்களா?"

"சம்பூர்ணம், அது… அந்தப் பொம்பளைங்க ரெண்டு பேரும் செத்துட்டாங்கடி."

"அவங்க அதுக்கு அம்மா இல்ல. நான் அம்மா. என்னை எடுங்க."

மாட்டேன் என்றார். கையெடுத்துக் கும்பிட்டார். அவள் கேட்கவில்லை. குளித்து, தலைசீவி, செந்தாமரை பிடித்துக்கொண்டு தூங்குகிற அந்தப் பழைய பச்சைப் புடவையைக் கட்டிக்கொண்டு வந்து நாற்காலியில் உட்கார்ந்தாள். அரை வருஷத்தில் முதல்முறையாக அவள் முகத்தில் ஒரு தெளிச்சி.

பஞ்சாட்சரத்துக்கு ஒரு யோசனை தோன்றியது. பிலிமில்தானே வருகிறாள். பிலிமே இல்லாவிட்டால்? வெறும் கேமராவைத் தட்டிவிட்டு, ஒன்றும் விழவில்லை என்று சொல்லிவிடலாம். அழுவாள், அழட்டும். உயிரோடு இருந்து அழட்டும்.

காலிக் கேமராவை ஸ்டாண்டில் மாட்டினார். ஜன்னலுக்கு வெளியே மலையையே காணோம், வெறும் மூடுபனி. தூறல் நின்றிருந்தது. கூரையிலிருந்து ஒரு சொட்டு. இன்னொரு சொட்டு. குனிந்தார். கண்ணாடியில் சம்பூர்ணம் மட்டும்.

"அசையாதே."

தட்டினார். வெறும் பெட்டிக்குள் க்ளிக் என்றது.

"ஆச்சு. எழுந்திரு."

அவள் எழுந்திருக்கவில்லை. குனிந்து மடியைப் பார்த்தாள்.

"இருங்க. இன்னும் சரியா உக்காரல."

"யாரு?"

"உடம்பு சுடுதுங்க. காய்ச்சல் இன்னும் வுடல போல." புடவையை இழுத்து எதையோ மூடினாள். "சின்னக் கை. எப்படி நடுங்குது பாருங்க."

அவர் நிமிர்ந்து பார்த்தார். மடியில் ஒன்றுமில்லை. "சம்பூர்ணம், வா. எழுந்து வா!" என்று கத்தினார். அவள் சிரித்தாள். சிரித்தபடியே கண் செருகியது. தலை நெஞ்சில் தொங்கியது. கை நாற்காலிக்கு வெளியே விழுந்தது.

ஓடிப்போய்த் தூக்க வேண்டும். கால் நகரவில்லை. கண் மட்டும், அதன் போக்கில், கீழே கண்ணாடிக்குள் இறங்கியது.

மேல்கண்ணில் இருந்தாள்.

அம்மாவின் மடியில். நேராக. முழு முகத்தோடு. மூக்கு, வாய், அந்த ஆடுகிற பல். ஐயோ, இந்த முகம்தான். இதைத்தான் மறந்துகொண்டிருந்தோம்.

பிலிம் இருட்டறை அலமாரியில் இருந்தது. எடுக்க வேண்டுமானால் திரும்ப வேண்டும். திரும்பினால் போய்விடுவாள். விரல் தானாகத் தட்டியது. க்ளிக். ஒன்றும் விழாது. மறுபடி க்ளிக். கண்ணீர் கண்ணாடியில் சொட்டி முகம் கலங்கியது. துடைத்தார். இருந்தாள்.

செந்தாமரை அசையாமல் உட்கார்ந்திருந்தாள். படம் எடுத்துக்கொள்ள வந்தவர்கள் எப்படி உட்காருவார்களோ அப்படியே. அப்புறம் திரும்பி அம்மாவைப் பார்த்தாள். தொங்கும் தலை பிடிக்கவில்லை போலும். சுண்டுவிரல் வளைந்த கையை அம்மாவின் மோவாய்க்குக் கீழே கொடுத்தாள்.

பஞ்சாட்சரம் தலையை நிமிர்த்தினார்.

நாற்காலியில், பக்கத்தில் ஒருவரும் இல்லாமல், சம்பூர்ணத்தின் செத்த முகம் கொஞ்சம் கொஞ்சமாக அவரை நோக்கி எழும்பிக்கொண்டிருந்தது.