லாரிக்கு அடியில் இரண்டு கால்கள்

ஹில்டா மூன்று வருஷமாகப் புருஷனின் கால்களோடுதான் குடித்தனம் நடத்தினாள். மற்ற பாகமெல்லாம் லாரிக்கு அடியில் கிடந்தது. காலையில் கருப்பட்டிக் காப்பியைப் பெருவிரலுக்குப் பக்கத்தில் வைப்பாள். கால் ஆடினால் 'சரி' என்று அர்த்தம்.

அன்று கால் ஆடவில்லை. லாரி ஓடப்போகிற நாள். அதை மந்திரிக்கப் பங்குச் சாமியார் வருகிறார்.

புருஷன் சிலுவை, தோணியை நடத்தும் தண்டலாக இருந்தவன். முதலாளி தோணியை விற்றுவிட, உப்பளத்துக்கு லோடு அடிக்கலாமென்று ஒரு செத்த லாரியை ஏலத்தில் எடுத்து வீட்டு முன்னால் நிறுத்தினான். முத்தையாபுரத்து மெக்கானிக் ஒரே மாதத்தில் ஓடவைத்துத் தருவதாகச் சொன்னான். கேட்ட கூலி, ஹில்டாவின் சீதனச் சங்கிலி அளவுக்கு வந்தது. அவள் அப்போதே கழற்றி நீட்டினாள்.

"பொண்டாட்டி கழுத்தை மூளியாக்கி லாரி ஓட்டுதவனா நான்? எங்கிட்ட பணந்தான் இல்ல ஏளா, நேரம் கெடக்குல்லா" என்று சொல்லிவிட்டு லாரிக்கு அடியில் புகுந்தவன்தான்.

பின்னால் மரப்பலகையில் பாடி கட்டினான். வெயிலுக்குத் தோணிப்பலகை வெடிக்காமலிருக்கக் கடல்தண்ணீர் ஊற்றுவது அந்தக் குடும்பத்துக்கு ஜெபம் மாதிரி. இதுவும் பலகைதானே என்றாள் மாமியார் விக்டோரியா. சாயங்காலம் தவறாமல் ஹில்டா குடம் குடமாகச் சுமந்து ஊற்றினாள். பலகை வெடிக்கவே இல்லை.

லாரி ஓடப்போகிற அன்று மாமியாரின் கண் மருமகள் கழுத்தில் விழுந்தது. பச்சை பூத்திருந்தது. சங்கிலியைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தாள். கவரிங்.

"ஏலே சிலுவை, வெளிய வா. உம் பொண்டாட்டி தங்கத்தைப் பொறந்த வீட்டுக்கு, புன்னைக்காயலுக்குக் கடத்திட்டா. அவ தம்பி புதுவலை எறக்குனது எப்படின்னு இப்பல்லா தெரியுது..." என்று தலையிலடித்து அழுதாள்.

கால்கள் வெளியே வந்தன. தொடர்ந்து வந்த முகத்தில் கிரீஸ்தான் இருந்தது.

"சங்கிலி எங்க ஏளா?"

அந்தக் குரலிலிருந்த சந்தேகத்தை ஹில்டாவால் தாங்க முடியவில்லை.

"நீங்க தின்ன சோத்துலதான் கெடந்துச்சு. மூணு வருசத்துல ஒரு நாளும் பல்லுல தட்டுப்படலியா...?"

அவள் இறால் உரிக்கிற கூலியில் வீடு ஓடுவதாக எல்லோரும் நம்பியிருந்தார்கள். அந்தக் கூலி விக்டோரியாவின் வெற்றிலைக்கே பற்றாது. நேரம் கொட்டிக் கிடந்த அந்த வீட்டில் இதை யோசிக்க மட்டும் ஒருவருக்கும் நேரமில்லை.

சிலுவை நேரே வண்டியில் ஏறினான். லாரியே பதில் சொல்லட்டும் என்று நினைத்தானோ என்னவோ. இஞ்சின் முதல் தடவையிலேயே பிடித்தது. அதற்குள் வந்து நின்ற சாமியார் தீர்த்தத்தைக் கையில் எடுத்தார். லாரி இரண்டடி நகர்ந்தது. நடுவில் ஒரு சத்தம். பின்பாதி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டது.

தோணிக்குப் பூசுவதுபோல லாரியின் அடிச்சட்டத்துக்கும் சிலுவை வருஷா வருஷம் தார் பூசியிருந்தான். பலகை வழியே சொட்டிய கடல்தண்ணீர் தாருக்கு உள்ளேயே இரும்பைத் தின்றிருந்தது. தொட்டால் பேக்கரி மக்ரூன் மாதிரிப் பொடிந்தது. சாமியார் கையிலிருந்த தண்ணீரை ஒருமுறை பார்த்துவிட்டு மெல்லக் கீழே வைத்தார்.

சாயங்காலம் பழக்கத்தில் ஹில்டாவின் கை குடத்துக்குப் போனது. விக்டோரியா ஓடிவந்து குடத்தின் வாயைப் பிடித்துக்கொண்டாள்.

"வேண்டாம் ஏளா... ஊத்தச் சொன்னதும் நாந்தான். ஒன் கழுத்தைத் திருகுனதும் நாந்தான். என்னை மன்னிச்சிருளா..."

வெறுங்குடத்தை நடுவில் வைத்துக்கொண்டு இரண்டு பேரும் கட்டிப்பிடித்து அழுதார்கள்.

சிலுவை முகம் கழுவிவிட்டு வாசற்படியில் உட்கார்ந்திருந்தான். அன்றைக்கே நீ நீட்டிய சங்கிலியை வாங்கியிருந்தால் ஒரு மாதத்தில் முடிந்திருக்கும் என்று ஏதோ சொல்லிக்கொண்டிருந்தான். ஹில்டாவின் காதில் அது விழவில்லை. கிரீஸ் போன முகத்தில் மீசை முழுக்க நரைத்திருந்தது. எப்போது நரைத்ததென்று அவளுக்குத் தெரியவில்லை.

பக்கத்தில் உட்கார்ந்து முந்தானையால் அந்த முகத்தைத் துடைத்தாள். ஈரம் போன பிறகும் துடைத்துக்கொண்டே இருந்தாள்.